எதிர்ச் சுவரில் தேசப்பன்

"அலுத்துப்போச்சு டீச்சர். இனிமே சுவர்ல படமே வரையறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார் கோதண்டம்.

மெஹருன்னிசா டீச்சர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கோதண்டத்தைவிட வயதில் சிறியவர். சுவரோவியம் வரைபவர்; வடசென்னைச் சந்துகளில் அவர் கை படாத சுவர் குறைவு. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற கோதண்டம், அவரிடம்தான் மறுபடி மாணவனாக வந்து சேர்ந்திருந்தார்.

"என்ன ஆச்சு சார்?"

"தேசப்பன் படத்தை அழிக்கச் சொல்றாங்க."

"யாரு?"

"அவர் சம்சாரம்."

தேசப்பன் மீனவர். பெருமழையில் ஊர் மூழ்கியபோது, தன் படகைத் தெருக்களுக்குள் ஓட்டிவந்து, மாடிகளில் சிக்கிக் கிடந்தவர்களை ஏற்றிக்கொண்டு போனார். கடைசி நடையில் வெள்ளம் இழுத்துக்கொண்டது. படகு கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

அவர் குடியிருந்த சந்தில் அவர் படம் வேண்டும் என்று சனங்கள் கேட்டார்கள். கோதண்டம் வெயில் பாராமல் சாரத்தில் நின்று வரைந்தார். இடுப்பளவு தண்ணீரில், தோளில் ஒரு குழந்தையோடு தேசப்பன். வரைந்து முடித்த அன்று சந்தே அழுதது. எங்கெங்கிருந்தோ வந்து செல்போனில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"என் வாழ்க்கையில நான் உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான். அந்தம்மா தினம் வந்து 'அழிங்க'ன்னு நிக்குது. சந்துக்காரங்க 'கை வச்சே, அவ்வளவுதான்'ங்கறாங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது?"

டீச்சர் துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "வாங்க சார்" என்று கிளம்பினார்.

சந்துக்குள் வந்தும் அவர் படத்தைப் பார்க்கவில்லை. அதற்கு நேர் எதிரே இருந்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

தேசப்பனின் மனைவி தனபாக்கியம் கதவை ஒருக்களித்துத் திறந்தாள். இருவரும் உள்ளே போனதும் உடனே சாத்தினாள்.

ஒரே அறை. சன்னல் கிடையாது. ஃபேன் சுற்றியது; காற்று வரவில்லை.

டீச்சர் தரையில் உட்கார்ந்தார். கோதண்டமும் உட்கார்ந்தார்.



தனபாக்கியம் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள். அறை இன்னும் கொதித்தது. கோதண்டத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

டீ குடித்து முடித்தார்கள். டீச்சர் எழுந்திருக்கிற வழியாக இல்லை.

கோதண்டத்துக்கு மூச்சு முட்டியது.

"கதவைக் கொஞ்சம் தொறந்து வையேம்மா."

"தொறந்தா அவரு நிக்கிறாரு" என்றாள் தனபாக்கியம்.

கோதண்டம் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"வர்றவங்க பாத்துட்டுப் போயிடறாங்க சார். நான் பால் வாங்கப் போவணும், தண்ணி புடிக்கப் போவணும். ஒவ்வொரு வாட்டியும் தண்ணிலதான் நிக்கிறாரு. இன்னும் கரை ஏறவே இல்ல."

கோதண்டம் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நீங்க ஏதாவது சொல்லுங்க."

"நான் என்ன சார் சொல்றது? எனக்கும்தான் வேர்க்குது."

கோதண்டம் எழுந்து வெளியே போனார்.

வெள்ளை பெயிண்ட் டப்பாவோடும் ரோலரோடும் அவர் சுவரில் ஏணியைச் சாய்த்தபோது சந்து திரண்டுவிட்டது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் முன்னால் வந்து கத்தினாள்.

"என் புள்ளைய மாடியிலேருந்து எறக்கிக் குடுத்தவருய்யா! அவரை அழிக்க உனக்கு எப்படி மனசு வருது?"

கோதண்டம் ஏறினார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

தனபாக்கியம் கதவை அகலத் திறந்துகொண்டு டீச்சரோடு வெளியே வந்தாள். கூட்டம் அடங்கியது.

"சார், மொதல்ல கண்ணை மூடணும்" என்றாள். "அவருக்கு யாரும் மூடிவிடல."

கோதண்டம் இறங்கி வந்து ரோலரை அவளிடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை. உள்ளங்கையை வெள்ளையில் நனைத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

கத்திக்கொண்டிருந்த பெண் குழந்தையை டீச்சரிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து, ஏணியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.