சடைச்சி சொன்ன பொய்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் விலங்குகள் எல்லாம் ஓரளவு நிம்மதியாகவே வாழ்ந்துவந்தன. அந்த நிம்மதி அமைச்சர் இருவாச்சிக்குப் பிடிக்கவில்லை.

இருவாச்சிப் பறவைக்கு மிகப் பெரிய அலகு. அதற்கேற்ற பெரிய அறிவும் தமக்கு இருப்பதாக அவரே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஒரு கோடையில், தண்ணீர் வற்றத் தொடங்கிய நேரத்தில், அவர் புலி ராஜாவிடம் போனார்.

“மகாராஜா, நம் காட்டில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று இதுவரை யாருமே வகுத்துச் சொல்லவில்லை. வெளியே சொன்னால் வெட்கம்!”

“அதை எப்படிக் கண்டுபிடிப்பது?” என்று கேட்டார் புலி ராஜா.

“மிக எளிது. நல்ல இனத்தில் பிறந்தவர் நல்லவர். கெட்ட இனத்தில் பிறந்தவர் கெட்டவர்.”

“எது நல்ல இனம்?”

“நல்லவர்கள் பிறக்கும் இனம், மகாராஜா.”

இவ்வளவு ஆழமான விளக்கத்தைப் புலி ராஜா அதுவரை கேட்டதே இல்லை. உடனே சபை கூடியது.

ஒவ்வோர் இனமாக வந்து எதிரே நின்றது. இருவாச்சி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார், தீர்ப்புச் சொல்வார். மான் நல்லது, கண்கள் பெரியவை. மயில் நல்லது, தோகை இருக்கிறது. முயல் நல்லது, தொட்டால் மெத்தென்று இருக்கிறது. பாம்பு கெட்டது, கால் இல்லை. வௌவால் கெட்டது, தலைகீழாகத் தொங்குகிறது. காட்டுப்பன்றி கெட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா? புலி மிக மிக நல்லவர். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கடைசியாகக் கழுதைப்புலி சடைச்சி தன் இரண்டு குட்டிகளோடு வந்தாள். கலைந்த பிடரி, பின்பக்கம் தாழ்ந்த நடை, அழுதாலும் சிரிப்பதுபோல் கேட்கும் குரல். இருவாச்சி வாயைத் திறப்பதற்கு முன்பே சபை, “கெட்டது!” என்று கத்தியது.

“ஐயா, நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லையே,” என்றாள் சடைச்சி. “செத்துக் கிடப்பதைத்தானே தின்கிறேன்?”

“இன்னும் செய்யவில்லை என்று சொல், அம்மா,” என்று கனிவாகத் திருத்தினார் இருவாச்சி.

அன்று முதல் பாறைமேல் இருந்த தெளிந்த சுனை நல்லவர்களுக்கு என்றானது. பாறைக்குக் கீழே இருந்த சேற்றுக் குட்டை கெட்டவர்களுக்கு. சடைச்சியின் குட்டிகள் சேற்றை நக்கின, இருமின, மேலே பளபளத்த சுனையை ஏக்கத்தோடு பார்த்தன.

“அம்மா, நாம் என்ன தப்பு செய்தோம்?” என்று கேட்டது மூத்த குட்டி.

சடைச்சி வெகுநேரம் யோசித்துப் பார்த்தாள். “பிறந்தோம், கண்ணு,” என்றாள்.

சில நாட்கள் போயின. ஒரு காலையில் மான்குட்டி ஒன்று பாறைமேல் துள்ளி விளையாடியபோது, கால் தவறிக் கீழே சேற்றுக் குட்டையில் விழுந்துவிட்டது. வயிறுவரை புதைந்து, “அம்மா! அம்மா!” என்று கதறியது.

நல்லவர்கள் எல்லோரும் ஓடிவந்தார்கள். கரையில் வரிசையாக நின்று மிகவும் வருத்தப்பட்டார்கள். மயில் கண்ணீர் விட்டது. தோகை நனைந்துவிடக் கூடாதே என்று இரண்டடி பின்னால் நின்றுகொண்டுதான் கண்ணீர் விட்டது. முயல் கண்களை மூடிக்கொண்டது. குரங்கு, “யாராவது இறங்குங்கள்!” என்று மரத்தின் உச்சியிலிருந்து எல்லோருக்கும் தைரியம் சொன்னது. தாய்மான் கரையில் முன்னும் பின்னும் ஓடியது. குட்டியோ கழுத்துவரை இறங்கிவிட்டது.

சத்தம் கேட்டுச் சடைச்சி வந்தாள்.

“ஐயோ, கழுதைப்புலி!” என்று அலறிக்கொண்டு நல்லவர்கள் அத்தனை பேரும் சிதறி ஓடினார்கள். தாய்மானும் ஓடியது.

சடைச்சி அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேற்றுக்குள் இறங்கினாள். குட்டியின் பிடரியைப் பல் படாமல் கவ்வினாள். கால்கள் வழுக்க, மூச்சு முட்ட, இழுத்து இழுத்து அதைக் கரையில் சேர்த்தாள். சேறு படிந்த அதன் மூக்கை நக்கி விட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் குரங்கு கிளைகளை விலக்கி எட்டிப் பார்த்தது. “மான்குட்டி கழுதைப்புலி வாயில்!” என்று காடு முழுக்கக் கூவிக்கொண்டே போனது.

சபை மறுபடியும் கூடியது. சடைச்சியையும் குட்டிகளையும் நடுவில் நிறுத்தினார்கள்.

“மான்குட்டியை எந்தக் கெட்ட எண்ணத்தோடு காப்பாற்றினாய்?” என்று கேட்டார் இருவாச்சி.

“அது அழுதது, ஐயா.”

சபையில் பெரிய சிரிப்பு எழுந்தது.

“என்னை இழுத்துக் கரையேற்றியது இந்த அத்தைதான்,” என்றது மான்குட்டி.

“பார்த்தீர்களா! அத்தை என்கிறது! குழந்தையை எப்படி மயக்கி வைத்திருக்கிறாள்!” என்றார் இருவாச்சி. பிறகு தாய்மானைப் பார்த்து, “நீ என்ன கண்டாய்?” என்றார்.

தாய்மான் தலையைக் குனிந்துகொண்டது. “நான் ஓடிக்கொண்டிருந்தேன், ஐயா.”

“சாட்சி தெளிவாக இருக்கிறது,” என்றார் இருவாச்சி. “கெட்டவர் நல்லது செய்யமாட்டார். கெட்டவர் வாயிலிருந்து உண்மை வராது. ஆகவே இவள் சொல்வது பொய், செய்தது சூழ்ச்சி. இவளையும் குட்டிகளையும் காட்டைவிட்டுத் துரத்த வேண்டும்!”

காட்டுக்கு வெளியே கருகிய பொட்டல்தான் இருந்தது. அங்கே சேற்றுத் தண்ணீர்கூடக் கிடையாது. சடைச்சி தன் குட்டிகளைப் பார்த்தாள். அவற்றின் மூக்கு ஏற்கெனவே காய்ந்திருந்தது. அழவேண்டும்போல் இருந்தது. அழுதால் சிரிக்கிறாள் என்பார்கள். அடக்கிக்கொண்டாள்.

“ஐயா, போவதற்கு முன் ஒரு சந்தேகம்,” என்றாள். “என் வாயிலிருந்து பொய் மட்டும்தான் வருமா?”

“பொய் மட்டும்தான்.”

“எப்போதுமா?”

“எப்போதுமே! நீ வேர்வரை கெட்டவள்.”

“சரி, ஐயா.” சடைச்சி புலி ராஜாவின் பக்கம் திரும்பி நன்றாகக் குனிந்து வணங்கினாள். காடு முழுவதும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

“நம் புலி ராஜா மிக நல்லவர்! நீதி தவறாதவர்! இவரைப் போன்ற அரசர் வேறு எந்தக் காட்டுக்கும் கிடைக்கமாட்டார்!”

புலி ராஜாவுக்கு ஒரே மகிழ்ச்சி. மீசை துடித்தது, வால் மெல்ல ஆடியது.

முயலுக்கு எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரியாது. “அப்படியென்றால் இதுவும் பொய்தானே?” என்று கேட்டுவிட்டது.

புலி ராஜாவின் வால் சட்டென்று நின்றது.

“அமைச்சரே,” என்றார் அவர் மெதுவாக. “அவள் சொன்னது பொய்யா?”

“இல்லை, மகாராஜா! உண்மை! நூற்றுக்கு நூறு உண்மை!”

“கெட்டவர் வாயிலிருந்து உண்மை வராது என்றீரே?”

“வரவே வராது, மகாராஜா.”

“அப்படியானால் இவள் யார்?”

இருவாச்சியின் அந்தப் பெரிய அலகு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. தொண்டையில் அத்திப்பழம் சிக்கியதுபோல் விழித்தார். புலி ராஜா ஓரடி முன்னால் வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான், அமைச்சருக்கு ஞானம் பிறந்துவிட்டது.

“இவள் நல்லவள், மகாராஜா! எனக்கு முதலிலிருந்தே அப்படி ஒரு எண்ணம் உண்டு. ஆனால் இவளுடைய குட்டிகள் கெட்ட இனம் ஆயிற்றே…”

சடைச்சி குட்டிகளை மூக்கால் இடித்தாள்.

“ராஜா நல்லவர்!” என்று கீச்சுக் குரலில் கத்தின இரண்டும்.

அடுத்து பாம்பு தலையைத் தூக்கியது. “ராஜா மிகவும் நல்லவர்.” வௌவால் தலைகீழாகத் தொங்கியபடியே அதையே சொன்னது. காட்டுப்பன்றி கண்கலங்கச் சொன்னது. முதலை மட்டும் தாமதமாக வந்து சேர்ந்தது. விசாரித்ததில் அதற்கும் ராஜாவை மிகவும் பிடித்திருந்தது. நண்பகலுக்குள் காட்டில் கெட்டவர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. இதுவும் தம் சாதனையே என்று இருவாச்சி அறிவித்தார்.

அன்று மாலை சடைச்சி தன் குட்டிகளைச் சுனைக்கு அழைத்துவந்தாள். மான்குட்டி ஓடிவந்து அவற்றோடு சேர்ந்து நின்று தண்ணீர் குடித்தது. தாய்மான் தயங்கித் தயங்கி அருகே வந்தது.

“நீ நல்லவள் என்று எனக்கு அப்போதே தெரியும், சடைச்சி.”

“எப்போது, அக்கா? ஓடும்போதா?”

தாய்மான் குனிந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தது. பிறகு உண்மையான கவலையோடு சொன்னது: “இப்போது எல்லோருமே நல்லவர்கள் ஆகிவிட்டார்களே. இனி யாரைக் கண்டு பயப்படுவது, யாரை நம்புவது என்று ஒன்றும் புரியவில்லை.”

“அதை இனிமேல் நீங்களேதான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அக்கா,” என்றாள் சடைச்சி. “கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், சின்னவன் குடிக்கட்டும்.”

நீதி: ஒருவர் நல்லவரா, கெட்டவரா என்பதை அவர் பிறந்த இனத்தைக் கொண்டு சொல்லாதே, அவர் செய்த செயலைப் பார்த்துச் சொல்.