எடை போடாத உயிர்கள்

காட்டுக்குளத்துக்கு மேலே மேட்டுத்தெரு. கீழே பள்ளத்தெரு. மேட்டில் முள்ளம்பன்றிகளும் மயில்களும் வசித்தன. பள்ளத்தில் எலிகளும் முயல்களும்.

போன மழையில் குளம் நிரம்பி வழிந்தது. தண்ணீர் வடியவேண்டிய கால்வாய் தூர்ந்து கிடந்ததால் பள்ளத்தெரு மூழ்கியது. மேட்டுத்தெருவில் ஒருவருக்கும் கால்கூட நனையவில்லை.

இப்போது மறுபடியும் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"கால்வாயை நாங்கள் தோண்டுகிறோம். பொதுத் தினையில் பாதியைக் கூலியாகக் கொடுங்கள்!" என்றன நண்டுகள்.

அந்தக் காட்டில் எந்தச் செலவானாலும் தராசில் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். மேட்டுத்தெருவின் காலடியில், பொதுத் தினையைச் சேமித்துவைக்கும் ஆலமரத்தின் கிளையில், கொடியில் கட்டிய இரண்டு பாக்குமட்டைகள் தொங்கும். ஒன்றில் செலவு, மற்றதில் பலன். எந்தத் தட்டு இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் தீர்ப்பு. தராசுக்காரர் முள்ளம்பன்றி.

முள்ளம்பன்றி ஒரு மட்டையில் தினையைக் கொட்டியது. மட்டை தொப்பென்று இறங்கியது.

"இது கூலி. போன வெள்ளத்தில் பள்ளத்தெருக்காரர்கள் நீங்கள் இழந்ததை எல்லாம் அந்தத் தட்டில் வையுங்கள்! பார்த்துவிடலாம்!"

கூட்டத்திலிருந்து ஒரு தாய் எலி முன்னால் வந்தது.

"எப்படி வைப்பது, அண்ணே? தண்ணீர் அடித்துக்கொண்டு போனது கையில் இருக்குமா? கையில் இருந்தால் அது இழப்பா?"

"வைக்க ஒன்றும் இல்லையென்றால் இழப்பும் இல்லை, தங்கச்சி. கணக்கென்றால் கணக்குதான்!"

"அழுகையை நிறுக்க இங்கே எடைக்கல் கிடையாதும்மா!" என்று கிளையிலிருந்து மயில் சிரித்தது.

இடி இடித்தது. எலி ஒரே ஓட்டமாகப் பள்ளத்துக்கு ஓடியது. கண்கூடத் திறக்காத தன் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விவந்து காலி மட்டையில் வைத்தது.

"போனதைக் காட்ட முடியாது. போகப்போவது இதோ! நிறுங்கள்!"

மட்டை லேசாக ஆடியது. இறங்கவில்லை.

"எடை போதாது. கால்வாய் தேவையில்லை!" என்றது முள்ளம்பன்றி.

"தண்ணீர் உங்கள் வாசலுக்கு வராது என்ற தைரியம்தானே, அண்ணே? எங்கள் வாசலில் நின்று இதைச் சொல்லிப் பாருங்கள்!"

"தீர்ப்பு சொல்லியாகிவிட்டது! குட்டிகளை எடுத்துக்கொண்டு கிளம்பு!"

அதற்குள் மழை கொட்டத் தொடங்கியது. குளம் நிரம்பியது. வெளியேற வழி இல்லாத தண்ணீர் கரையை முட்டியது. முள்ளம்பன்றி தன் வளைக்காகக் கரையைக் குடைந்திருந்த இடத்தில் 'மளுக்'கென்று ஒரு சத்தம். மேட்டுத்தெருவின் காலடியிலேயே கரை உடைந்தது!

ஆலமரத்தைச் சுற்றி வெள்ளம் சுழன்றது. தினைமட்டை நீரில் முங்கித் தராசையே இழுத்தது. குட்டிகள் இருந்த மட்டை சாய்ந்தது. எலி பாய்ந்து ஏறிக் கொடியைக் கடித்தது. அறவில்லை. மறுபடி கடித்தது. குட்டி ஒன்று விளிம்புக்குச் சரிந்தது. வாலால் அதை அணைத்துக்கொண்டே கடித்தது. கொடி அறுந்தது! மட்டை படகுபோல மிதந்தது.

ஆலம் விழுதைப் பிடித்துத் தொங்கிய முள்ளம்பன்றி அலறியது: "தங்கச்சி! என்னையும் ஏற்றிக்கொள்!"

"உங்கள் எடை அதிகம், அண்ணே! மட்டை தாங்காது. விழுதை விட்டுவிடாதீர்கள்!"

மறுநாள் தண்ணீர் வடிந்தது. விழுதிலிருந்து இறங்கிய முள்ளம்பன்றி தினையைத் தேடியது. கூலிக்குக் கேட்ட பாதியும் இல்லை, மிச்சம் பிடிக்க நினைத்த பாதியும் இல்லை. எலி தன் குட்டிகளோடு ஒரு புதரில் ஒதுங்கியிருந்தது. வெள்ளத்தில் மூழ்கிய பள்ளத்தெருவில் வளைக்குள் உறங்கிய முயல்குட்டிகளுக்கு ஏறிக்கொள்ள மட்டை எதுவும் கிடைத்திருக்கவில்லை.

தன் கையைவிட்டுப் போகும் செலவை மட்டும் எடைபோட்டுவிட்டு, அடுத்தவர் உயிருக்கு எடையே இல்லை என்று ஒதுக்குவது கணக்கு அல்ல, கொலை.