தவில் நொண்டின கதை

நாகர்கோவில் பூதலிங்கம் பிள்ளைக்குக் காசும் உண்டு, காதும் உண்டு. காசை ஊரே பார்த்திருக்கிறது. காதைப் பற்றி அவர் சொல்லித்தான் தெரியும். அவருடைய வீட்டோடு மாப்பிள்ளை தாணு. வீட்டோடு மாப்பிள்ளைக்கு வாய் எதற்கு? சாப்பிட மட்டும்தான்.

ஒருநாள் ஸ்டீரியோவில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை முகத்தைச் சுளித்தார்.

"மாப்பிள்ளே, இடது ஸ்பீக்கருக்குப் போற ஒயர் நீளம். அதான் தவில் நொண்டிக்கிட்டு வருது. ரெண்டு ஒயரும் ஒரே நீளமா இருக்கணும். உம்ம ரூம் சுவரை இடிச்சு, ஸ்டீரியோப் பெட்டியை ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில வைக்கப்போறேன். நீரும் எம் மகளும் மொட்டைமாடிக் கொட்டகைக்குப் போயிரும்."

"சுவரை எதுக்கு மாமா இடிக்கணும்? ஒயரை நானே சரியாக்கித் தாறேன்" என்றான் தாணு.

சாயங்காலம் பிள்ளையின் கூட்டாளிகள் வந்தார்கள். அதே பாட்டு ஓடியது. பிள்ளை சோபாவில் சாய்ந்து தொடையில் தாளம் போட்டார்.

"கேட்டீரா வே! தவில் இப்ப நேரா நடக்குது. மாப்பிள்ளே, ஒயரை எவ்வளவு வெட்டினீரு?"

"வெட்டலை மாமா. அதே இடது ஒயர்ல இன்னும் நாற்பது அடி ஒட்டுப் போட்டிருக்கேன்."

"நாற்பது அடியா! எங்க?"

"கொஞ்சம் எந்திரிங்க."

தாணு சோபா மெத்தையைத் தூக்கினான். அடியில் ஜாங்கிரி மாதிரி சுருண்டு கிடந்தது ஒயர்.

"பூதலிங்கம்," என்றார் ஒரு கூட்டாளி, "ஒயர் நீளம்னு உமக்குக் காதும் சொல்லலை, உக்காந்த இடமும் சொல்லலையே வே!"

பிள்ளை அதற்கப்புறம் சுவரைப் பற்றிப் பேசவேயில்லை. சோபாவில் உட்காரும் முன்னால் மட்டும் மெத்தையை ஒருதரம் தூக்கிப் பார்த்துக்கொள்வார்.