கைக்கு அடக்கம்

பலவேசத்தின் கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

மரக்கடையில் தேக்குத்தடி தூக்கிய கை அது. செம்பை எடுத்தால் செம்பு தெரியாது, தண்ணீர் தானாக வாய்க்குள் போகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு விரலும் ஒரு நேந்திரம்பழம். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் வைத்தியம் படிக்க வந்தார் என்றால் நம்புவீர்களா? வந்தார்.

ஆற்றங்கரையில் ஆவுடையம்மையின் மடம் இருந்தது. மடத்தில் பூசை கொஞ்சம், வைத்தியம் அதிகம். கட்டி கீறுவதற்கும் ஆழமாக ஏறிய முள்ளை எடுப்பதற்கும் அம்மையைத் தேடி எங்கெங்கிருந்தோ ஆள் வரும். அவள் பலவேசத்தைவிட வயதில் இளையவள். அவர் அவளை அம்மை என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். குருவே சீடனை அண்ணாச்சி என்று கூப்பிடுகிற கூத்தைப் பார்த்து வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இவர்கள் இருவரும் அதைக் கண்டுகொண்டதே இல்லை.

வேர் இடிக்கச் சொன்னால் பலவேசம் உலக்கையையும் சேர்த்து உடைப்பார். நாடி பார்க்கச் சொன்னால், என் கையைக் காணோமே என்று நோயாளி தேடுவார். ஒரு தடவை வண்டிக்காரர் ஒருவருக்குச் சுளுக்கு வழித்தார். சுளுக்கு போய்விட்டது. கூடவே தோள் மூட்டும் கழன்றுவிட்டது. அந்த மனிதர் போட்ட சத்தத்தில் அக்கரையில் மேய்ந்த மாடு நிமிர்ந்து பார்த்ததாம்.

அப்போதும் பலவேசம் சொன்னது இதுதான்.

"மெதுவாத்தான் பிடிச்சேன் அம்மை."

எப்போதும் இதையேதான் சொல்வார். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். மெதுவாகத்தான் பிடித்ததாக மனசார நம்பினார். வம்பே அதில்தான் இருந்தது.

நான் எப்போது கத்தி எடுக்கலாம் என்று அவரும் கேட்டுக்கொண்டே இருப்பார். பார்ப்போம் என்று அம்மையும் சொல்லிக்கொண்டே இருப்பாள். மற்ற வைத்தியம் எல்லாம் கற்றும், கத்தி பிடிக்காதவன் பாதி வைத்தியன் என்ற குறை அவரை அரித்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷ மழைக்காலத்தில் ஒரு நாள் விடிந்ததும், அவர் கேட்காமலேயே அம்மை கூப்பிட்டுச் சொன்னாள்.

"அண்ணாச்சி, உங்களுக்குன்னு ஒரு கத்தி பாத்து எடுத்துட்டு வாங்க. சின்னது. மடக்குக்கத்தி வேண்டாம், அது நடுவுல ஆடும். கைக்கு அடக்கமா இருக்கணும். இன்னைக்கே வேணும்."

பலவேசத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்தில் 'இன்னைக்கே' என்ற வார்த்தை அவர் காதில் விழவே இல்லை. வேறு சிலதும் அவர் கண்ணில் படவில்லை. அம்மை ரெண்டு மூணு நாளாகத் தலையையும் கழுத்தையும் சேர்த்துத் துணியால் சுற்றியிருந்தாள். மழைக்குளிர் என்று நினைத்துக்கொண்டார். கஞ்சித்தண்ணி மட்டும் குடித்தாள். விரதம் என்று நினைத்துக்கொண்டார். குரல் கம்மியிருந்தது. சளியாக இருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

ஆற்றில் வெள்ளம் கரை புரண்டு ஓடியது. நல்லவேளை, ஆசாரியின் பட்டறை இக்கரையில் இருந்தது. அங்கே தொங்கியதில் தன் முஷ்டி நிறையப் பிடி உள்ள ஒன்றை எடுத்து வந்தார். பிடிக்கு ஏற்றபடி அலகும் ஒரு சாண் நீளம். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது என்பதால் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அம்மை அதை எடுக்கவே இல்லை.

"உங்க கைக்கு அடக்கந்தான். ஆனா ஆளை அடக்கம் பண்ணத்தான் இது ஆவும்."

அடுக்களையில் இருந்த கோமு சிரித்துவிட்டாள். மடத்துச் சமையல் அவள் பொறுப்பு. பலவேசமும் சிரித்தார். அம்மை சிரிக்காததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

திரும்பப் போனார். ஆசாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. பலவேசத்தின் உள்ளங்கையை நூல் பிடித்து அளந்தார். விரல்களை மடக்கச் சொல்லி அளந்தார். புளியங்கட்டையில் குண்டாக ஒரு பிடி செதுக்கி, அதில் பாதி விரல் நீளத்துக்கு ஒரு குட்டி அலகை இறக்கிக் கொடுத்தார். பலவேசம் பிடித்துப் பார்த்தார். கத்தி பிடித்திருப்பதே தெரியவில்லை, அவ்வளவு சுகம். உமக்குன்னே பொறந்த கத்தி வே, என்று ஆசாரி அனுப்பி வைத்தார்.

இந்தத் தடவை அம்மை கத்தியை எடுத்துப் பார்த்தாள். நல்ல வேலை என்றாள். பிறகு கோமுவைக் கூப்பிட்டு, பித்தளைத் தட்டில் ஒரு உருண்டை வெண்ணெய் வைத்து, அதன்மேல் குருத்து வாழையிலையை ஒட்டிப் பரத்தச் சொன்னாள்.

இலையை மட்டும் கீற வேண்டும். வெண்ணெயில் கோடு விழக்கூடாது.

பலவேசம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீறினார். இலை கிழிந்தது. வெண்ணெய் இரண்டாகப் பிளந்தது. தட்டில் கிரீச்சென்று சத்தம் கேட்டது.

"மெதுவாத்தான் அம்மை..."

"தட்டு வரைக்கும் போனது தெரிஞ்சுதா?"

"சத்தம் கேட்டுது. அப்பத்தான் தெரிஞ்சுது."

"கைக்குத் தெரியலையா?"

அவர் யோசித்தார். உள்ளதைச் சொன்னார்.

"கைக்கு ஒண்ணுமே தெரியல அம்மை. பிடி அவ்வளவு சொகமா இருக்கு."

அம்மை எழுந்து போய்த் தன் மருந்துப் பெட்டியைத் திறந்து, தன்னுடைய கத்தியை எடுத்து வந்து தரையில் வைத்தாள். அது அவள் கைக்கு அடித்த கத்தி. பிடியின் நீளமே இரண்டு விரல் அகலந்தான்.

எடுக்கச் சொன்னாள். பலவேசம் எடுத்தார். கட்டைவிரலும் நடுவிரலும் பிடியை அடைத்துக்கொண்டன. ஆள்காட்டி விரலுக்கு இடமில்லை. அது பிடியைத் தாண்டி அலகுக்கு அடியில், கூர்மேலேயே போய் உட்கார்ந்தது.

"அம்மை, வெரலு கூர்ல இருக்கு."

"இருக்கட்டும்."

"அழுத்துனா வெட்டிரும்."

"வெட்டும்."

"வெரல்ல துணி சுத்திக்கிடவா?"

"வேண்டாம். இதுதான் உங்க கத்தி."

பலவேசத்துக்கு முகம் தொங்கிவிட்டது. ஆசாரி அத்தனை பாடுபட்டு அளவெடுத்துச் செய்ததை விட்டுவிட்டு இது என்ன கோட்டி பிடித்த வேலை என்று தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆள் யாராவது வந்திருக்கிறார்களா, யாருக்குக் கீறணும் என்று மட்டும் கேட்டார்.

அம்மை கழுத்தில் இருந்த துணியை அவிழ்த்தாள்.

தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. தோல் சிவந்து மினுமினுத்தது. அதை ஒட்டி ரத்தக்குழாய் துடிப்பது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கோமு கையில் இருந்த தட்டைக் கீழே போட்டாள். பலவேசத்துக்கு அப்போதுதான் உறைத்தது. விரதமும் இல்லை, சளியும் இல்லை. மூணு நாளாகக் கண் முன்னால் இருந்திருக்கிறது. காலையில் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. அடக்கம் பண்ண என்று அவள் சொன்னது தன்னைத்தான்.

"ஏன் அம்மை சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க கத்தி பாக்கப் போயிருக்க மாட்டிய. ஓடிப்போயிருப்பிய."

அது உண்மைதான். இப்போதும் அவர் வாசலைத்தான் பார்த்தார்.

என்னால் ஆகாது என்று கெஞ்சினார். அம்மை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். கண்ணாடியைப் பார்த்துத் தானே கீறினால் இடம் வலம் மாறும். கோமுவுக்குப் பல்லியைப் பார்த்தாலே கை நடுங்கும். வேறு வைத்தியரை அழைத்துவர வேண்டுமானால் ஆற்றைக் கடக்கணும். பொழுது சாய்வதற்குள் தொண்டை அடைத்துவிடும். சொல்லும்போதே அவளுக்கு மூச்சு இழுத்தது.

"மேல்தோலை மட்டும் கீறுங்க. வெண்ணெய் வரைக்கும் போவக்கூடாது."

வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் பாய் விரித்துப் படுத்தாள். கோமு அவள் தலையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். பலவேசம் கத்தியைத் தணலில் காட்டி, கொதித்த வேப்பந்தண்ணியில் கையையும் கத்தியையும் கழுவினார். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கத்தியை வைத்து அழுத்தினார்.

ரத்தம் கொட்டியது.

கழுத்தில் வழிந்து, பாயில் வழிந்து, கோமுவின் சேலையில் இறங்கியது. கோமு வீரிட்டாள். கொன்றுவிட்டேன் என்று நினைத்தார் பலவேசம். எப்போதும் சொல்கிற அந்த ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

அம்மை கண்ணைத் திறந்தாள்.

"யாரு ரத்தம்? பாருங்க."

பார்த்தார். அம்மையின் கழுத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு மட்டும் இருந்தது. தோல்கூடப் பிரியவில்லை. அவருடைய ஆள்காட்டி விரல்தான் பிளந்திருந்தது. இவ்வளவு அழுத்தியிருக்கிறோம் என்று விரல் வலித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. அந்த விரல் குறுக்கே இல்லாமல் ஆசாரியின் கத்தி இருந்திருந்தால் அது எங்கே போய் நின்றிருக்கும் என்று எண்ணிப் பார்த்தார்.

"துடைச்சுட்டுத் திரும்ப வையிங்க."

கையையும் கத்தியையும் மறுபடி கழுவினார். விரலில் பச்சிலையை அப்பினார். திரும்ப வைத்தார். இந்தத் தடவை விரல் வலித்த உடனே கை தானாகத் தளர்ந்தது. வலித்தது, தளர்ந்தது. கொஞ்சம் அழுத்தம், கொஞ்சம் வலி. தன் கை எவ்வளவு கனம் என்று அந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தோல் மெல்லப் பிரிந்து சீழ் வெளியேறியது. அம்மை நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தாள். பலவேசம் குலுங்கிக் குலுங்கி அழுதார். வெட்கப்படவில்லை.

அம்மை சோறு சாப்பிடத் தொடங்கியதும் மறுபடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆற்றில் தண்ணீர் வடிந்திருந்தது. ஒருத்தி தன் பெண்பிள்ளையைத் தூக்கி வந்தாள். பிள்ளைக்குக் காதுக்குப் பின்னால் கட்டி. அழுது அழுது குரலே போயிருந்தது. அண்ணாச்சி பார்ப்பார் என்று அம்மை சொல்லிவிட்டாள்.

பலவேசத்தின் விரலில் துணிக்கட்டு இன்னும் இருந்தது. காயம் பாதிதான் ஆறியிருந்தது. அவர் அம்மையின் பக்கத்தில் வந்து, பிள்ளையின் தாய்க்குக் கேட்காமல் மெல்லக் கேட்டார்.

"வெரலை வெட்டும்னு அன்னைக்கே தெரிஞ்சுதான் குடுத்தியளா?"

"தெரிஞ்சுதான்."

"ஆசாரி செஞ்சது நல்ல கத்திதானே அம்மை?"

"நல்ல கத்தி."

"அப்பம் இந்த அலகுக்கு நீளமா ஒரு பிடி போட்டுக்கிடுதேன். எனக்கும் வெரலு தப்பும்."

அம்மை அந்தப் பிள்ளையைப் பார்த்தாள்.

"போட்டுக்கிடுங்க அண்ணாச்சி. அதுக்கப்புறம் நீங்க எவ்வளவு அழுத்துதியன்னு முதல்ல யாருக்குத் தெரியும்? உங்களுக்கா, அதுக்கா?"

பலவேசம் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து, தன் விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். பிறகுதான் கத்தியை எடுத்தார்.