பன்றிக்குப் போன நோட்டீஸ்

கோம்பைநாடு மாவட்டம் எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கே ஒரு கலெக்டர் ஆபீஸ் இருந்தது, அதன் பின்கட்டில் துப்பாக்கி உரிமப் பிரிவு என்று ஓர் அறை இருந்தது, அந்த அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பது தெரிந்தால் போதும். சூப்பிரண்டு ஆரோக்கியம். அவருக்குக் கீழே கிளார்க் கோமதிநாயகம், கிளார்க் தமயந்தி. மூன்று பேருமே தங்கமானவர்கள். லஞ்சம் வாங்க மாட்டார்கள், யாரையும் அதட்ட மாட்டார்கள். மேலே இருந்து சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். தொல்லையே அதுதான்.

அந்த அறைக்கு இரண்டு வருஷமாக நடையாய் நடந்துகொண்டிருந்தார் மாரநாடு. மூன்று ஏக்கர் கடலை போட்டிருந்தார். கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டில் குடியிருந்த காட்டுப்பன்றிக் கூட்டம் போன வருஷ வெள்ளாமையில் ஒரு கொத்துக்கூட மிச்சம் வைக்கவில்லை. ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று கையில் இருந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டுத் துரத்திவிடலாம். அதற்குத்தான் விண்ணப்பம்.

இந்தத் தடவை அவர் மனைவி பஞ்சவர்ணம் முடிவாகச் சொல்லிவிட்டாள். "இந்த வெள்ளாமையும் பன்னிக்குத்தான்னா வீட்டைப் பூட்டுங்க. திருப்பூருல பனியன் கம்பெனிக்குப் போயிருவோம்."

திருப்பூர் என்ற பேரைக் கேட்டாலே மாரநாடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். கடலை பிடுங்க இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கலெக்டரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாதக் கடைசிக்குள் எந்த மேசையிலும் ஒரு விண்ணப்பம்கூடத் தேங்கி நிற்கக் கூடாது. விண்ணப்பதாரரின் பெயரும் விலாசமும் யார் கண்ணிலும் படக் கூடாது. உரிமம் கொடுப்பதற்கு முன்னால், அதனால் பாதிக்கப்படக்கூடியவருக்கு நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபணை உண்டா என்று பதினைந்து நாள் பார்க்க வேண்டும்.

முதல் உத்தரவை அரை மணி நேரத்தில் நிறைவேற்றினார்கள். மேசை மேல் இருந்த அறுநூற்று நாற்பது விண்ணப்பங்களையும் தூக்கித் தரையில் வைத்தார்கள். ஆரோக்கியம் வெறும் மேசையைத் தடவிப் பார்த்தார். "ஒன்பது வருஷத் தேக்கம்யா! அரை மணியில காலி!" அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இரண்டாவது உத்தரவுக்குத்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"பேரையெல்லாம் கறுப்பு மையால அழிச்சிரலாம் சார்," என்றாள் தமயந்தி.

"அழிக்கணும்னா பேரு எங்க இருக்குன்னு பாக்கணும்ல? யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு போட்டிருக்கு. நம்ம கண்ணும் கண்ணுதானே?" என்றார் கோமதிநாயகம்.

ஆரோக்கியம் சுற்றறிக்கையை இன்னொரு தடவை படித்தார். "அப்போ கண்ணை மூடிக்கிட்டு அழிங்க."

கண்ணை மூடிக்கொண்டு, உத்தேசமாக, ஒவ்வொரு விண்ணப்பத்திலும் மேல்பாதி முழுக்க மையைப் பூசினார்கள். பெயர்கள் போயின. கூடவே கோமதிநாயகத்தின் வெள்ளைச் சட்டையும் தமயந்தியின் தயிர்சாதமும் போயின. சுற்றறிக்கையைத் தயிர்சாதமா தடுக்கப் போகிறது?

அன்றைக்கென்று மாரநாடு உள்ளே நுழைந்தார். "வணக்கங்கய்யா. நான்தான் மாரநாடு, என் விண்ணப்பம் என்னாச்சுன்னு…"

மூன்று பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"சத்தம் போட்டுச் சொல்லாதீங்க!" என்று பதறினார் ஆரோக்கியம். "அது ரகசியம். அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"என் பேருங்கய்யா. எங்கப்பா வச்சது."

"தகவல் கசிஞ்சிருக்கு சார்," என்றார் கோமதிநாயகம். "அப்பா மூலமா."

"அவரை விசாரணைக்குக் கூப்பிடுங்க."

"அவரு செத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சுங்கய்யா!"

"அப்பாடா," என்று ஆரோக்கியம் பெருமூச்சு விட்டார். "இனிமே கசியாது."

மாரநாட்டுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனால் கடலை கண் முன்னால் நின்றதே! பல்லைக் கடித்துக்கொண்டு, தன் விண்ணப்பத்தின் ஓரத்தில் வெற்றிலைக் கறை இருக்கும் என்று மட்டும் சொன்னார். மூன்று பேரும் தரையில் தவழ்ந்து, சாயங்காலத்துக்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"அடுத்தது நோட்டீஸ்," என்றார் ஆரோக்கியம். "உங்க கைக்குத் துப்பாக்கி வந்தா, யாரு பாதிக்கப்படுவா?"

"யாருமில்லைங்கய்யா. பன்னிதான்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மனுஷன் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

தமயந்தி பேனாவை எடுத்துக் கோப்பில் எழுதினாள். பெயர், பன்றி. தகப்பனார் பெயர், பன்றி. விலாசம், கண்மாய்க்கரை, கருவேலங்காடு. மறைக்கச் சொன்னது விண்ணப்பதாரர் விவரத்தைத்தான், பன்றி விவரத்தைப் பற்றிச் சுற்றறிக்கையில் பேச்சே இல்லை. அதனால் அதை மட்டும் கொட்டை எழுத்தில், முத்து முத்தாக எழுதி வைத்தாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரம். மைக் செட் கட்டிய ஆட்டோ ஒன்று கடலைக்காட்டு வரப்பில் வந்து நின்றது. பன்றிகள் அப்போதுதான் வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தன.

"கண்மாய்க்கரையில் வசிக்கும் பன்றி அவர்களே!" என்று முழங்கினார் ஆரோக்கியம். "தங்களுக்கு அரசு நோட்டீஸ் வந்திருக்கிறது! நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்!"

ஐயோ, அந்தக் கூட்டம் ஓடிய ஓட்டம்! பஞ்சவர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வாங்க மறுத்துட்டாங்க சார்," என்று கோமதிநாயகம் குறித்துக்கொண்டார்.

"நாளைக்கும் வருவோம். பதினஞ்சு நாள் டயம் இருக்குல்ல?"

வந்தார்கள். பதினைந்து நாளும், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் வந்தார்கள். ஆட்டோ சத்தம் கேட்டதுமே பன்றிகள் காட்டுக்குள் பதுங்கிக்கொள்ளும், விடியும்வரை கடலைப் பக்கமே வராது. ஆரோக்கியம் விடாமல் "பன்றி அவர்களே" என்று அழைத்துக்கொண்டிருப்பார். பஞ்சவர்ணம் மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொடுப்பாள். கடைசி நாளில் நோட்டீஸை ஒரு கருவேலமரத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள். விடிந்து பார்த்தால் பசையோடு சேர்த்துத் தின்றிருந்தது ஒரு பன்றி. 'பெற்றுக்கொண்டார், ஆட்சேபணை சொல்லவில்லை' என்று கோப்பில் ஏறியது.

அதற்குள் கடலை முற்றிவிட்டது. ஒரு செடி சேதமில்லை! மாரநாடு பிடுங்கிக் காயவைத்து வீட்டில் அடுக்கினார். வீடு கொள்ளாத மூட்டை. திருப்பூர்ப் பேச்சு அத்தோடு ஒழிந்தது. அந்த மூன்று பேரையும் கும்பிட வேண்டும் போல இருந்தது அவருக்கு.

பத்து நாள் கழித்து, கும்பிடலாம் என்று அவர் நினைத்தவர்களின் ஆட்டோவே வாசலில் வந்து நின்றது. மூன்று பேரும் இறங்கினார்கள். ஆரோக்கியம் ஒரு உறையை நீட்டினார்.

"உரிமமாய்யா?" என்று மாரநாடு துள்ளி எழுந்தார்.

"உரிமம் தயாராயிட்டு இருக்கு. உங்களுக்கு இல்லை. கோப்பைப் பிரிச்சுப் பாத்தோம். மேல எல்லாம் மை. படிக்கிற மாதிரி ஒரே ஒரு பேருதான் இருந்துச்சு, விலாசத்தோட. உரிமத்தை அந்தப் பேருக்குப் போட்டுட்டோம். இது உங்களுக்கு நோட்டீஸ். நீங்க பாதிக்கப்படக்கூடியவர்."

"யாருக்குய்யா துப்பாக்கி குடுக்கறீங்க?"

"அதைச் சொல்லக் கூடாது."

"என்ன காரணத்துக்கு?"

ஆரோக்கியம் கோப்பைப் பார்த்தார். "கடலைத் தகராறு. பாவம், சாயங்காலம் ஆனா மைக் வச்சுத் துரத்துறாங்களாம்."

மாரநாடு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பஞ்சவர்ணம்தான் முதலில் விழித்துக்கொண்டாள். "ஏங்க, நிக்கறீங்களே! ஆட்சேபணை இருக்குன்னு சொல்லுங்க!"

"இருக்குங்கய்யா! ஆட்சேபணை இருக்கு!"

"பேஷ்," என்று ஆரோக்கியம் எழுதிக்கொண்டார். "அப்போ ரெண்டு தரப்பையும் வச்சு நேர்ல விசாரிச்சிருவோம். வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்திருங்க."

ஆட்டோவில் ஏறப் போனவர், நினைத்துக்கொண்டு திரும்பினார்.

"அப்புறம், ஒரு உதவி. அவருக்கு வண்டி வசதி ஒண்ணும் இல்லை. உங்க வீட்டுக்குப் பக்கத்துலதான் இருக்கார். வரும்போது நீங்களே பஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்திருங்க."