வாசலில் காய்ந்த வள்ளிக்கொடி

ஒரு காட்டில், மூன்று பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்த மேட்டில், தவிட்டி என்ற முயல் தன் மூன்று குட்டிகளோடு வசித்து வந்தது. தவிட்டிக்கு எதைக் கண்டாலும் பயம். இலை விழுந்தால் பயம். விழாவிட்டால், ஏன் விழவில்லை என்று பயம்.

அப்படிப்பட்ட முயலும் கண்ணயர்ந்து தூங்கியதென்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான். அதன் வளை வாசலில் ஒரு வள்ளிக்கொடி வளர்ந்திருந்தது. பாறைமேல் ஏறிப் படர்ந்து, அகலமான இலைகளால் வாசலை முழுவதும் மூடியிருந்தது. வானத்தில் வட்டமிடும் கழுகுக்கு அங்கே ஒரு வளை இருப்பதே தெரியாது.

பனிக்காலம் போய் வெயில் ஏறியது. வள்ளிக்கொடியின் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிரத் தொடங்கின.

தவிட்டி பதறிப்போனது. ஓடைக்கு ஓடி, வாய் நிறையத் தண்ணீர் மொண்டு வந்து கொடியின் அடியில் துப்பியது. ஒரு நாளைக்கு இருபது நடை நடந்தது. இலை உதிர்வது நிற்கவில்லை. நாற்பது நடை நடந்தது. அப்போதும் நிற்கவில்லை. கடைசி இலையும் விழுந்து, தண்டு சுள்ளியாகக் காய்ந்துவிட்டது.

மறுநாள் காலை, கடைக்குட்டி வாசலில் மூக்கை நீட்டியது. மண்மேல் ஒரு பெரிய நிழல் விர்ரென்று பாய்ந்து வந்தது. தவிட்டி குட்டியின் காதைக் கவ்வி உள்ளே இழுத்தது. கழுகின் நகம் பாறையில் உரசிய சத்தம் நாலு பேர் காதிலும் விழுந்தது.

கழுகு வாசலைக் கண்டுகொண்டது! இனி அது வராமல் இருக்குமா?

நடுங்கிக்கொண்டிருந்த தவிட்டியைத் தேடி முள்ளப்பர் வந்து சேர்ந்தார். அவர் ஒரு முள்ளம்பன்றி. காட்டிலேயே இனிக்க இனிக்கப் பேசுகிறவர். காரியம் இல்லாமல் யார் வீட்டுக்கும் போகாதவர்.

"என்னம்மா தவிட்டி, இப்படி ஆகிவிட்டதே! கொடி செத்துப்போய் எத்தனை நாளாயிற்று?" என்று கேட்டார் முள்ளப்பர்.

"செத்தே போய்விட்டதா மாமா?" என்றது தவிட்டி.

"இலை இருக்கிறதா? இல்லை. தண்டில் பச்சை இருக்கிறதா? அதுவும் இல்லை. இதற்குமேல் என்ன வேண்டும்? நான் சொல்வதைக் கேள். இந்தச் செத்த வேரைத் தோண்டி எறிந்துவிட்டு, அதே குழியில் ஒரு முட்செடி வைத்துத் தருகிறேன். கழுகு கிட்டேயே வராது. நீ 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும்."

அந்தச் சொல்தான் அவருக்கு வேண்டியிருந்தது. ஏனென்றால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வாசல் மண்ணில் அவர் சம்மதமில்லாமல் இன்னொருவர் நகம் வைக்கக் கூடாது. வைத்தால், ஓடையில் அவர் பக்கத்தில் நின்று யாரும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அதேபோல, சம்மதம் கொடுத்தவரும் அதைத் தானாகத் திரும்ப வாங்க முடியாது. மீறினால் அவருக்கும் அதே கதிதான்.

தவிட்டி குட்டிகளைப் பார்த்தது. கடைக்குட்டியின் காதில் ரத்தம் துளிர்த்திருந்தது.

"சரி மாமா" என்றது.

"பொழுது சாயும்போது வருகிறேன்" என்றார் முள்ளப்பர். போகும்போது அவர் கொடியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொடியின் கீழே இருந்த மண்ணைப் பார்த்தார். பார்த்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டார்.

தவிட்டி அதைக் கவனித்தது. 'செத்த வேரைப் பார்த்து யாருக்காவது நாக்கு ஊறுமா?'

கொடுத்த சொல் கொடுத்ததுதான். ஆனால் பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. கொடி உயிரோடு இருந்தால், முள்ளப்பர் தோண்டியதும் அது உண்மையாகவே செத்துவிடும். ஏற்கெனவே செத்திருந்தால், முட்செடியை விட்டால் குட்டிகளுக்கு வேறு கதியில்லை. எது உண்மை என்று தெரிய வேண்டும். எப்படித் தெரிந்துகொள்வது?

தோண்டிப் பார்ப்பதுதான் வழி. அதுவும் பட்டப்பகலில், வெட்டவெளியில்!

தவிட்டி மேலே பார்த்தது. கழுகு உயரத்தில் ஒரு புள்ளியாக வட்டமிட்டுக்கொண்டிருந்தது. முயலின் கால்கள் ஓடு ஓடு என்றன. அது ஓடவில்லை. பாறையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, கொடியின் அடிமண்ணை மெல்லப் பறித்தது.

இரண்டு சாண் ஆழத்தில் நகத்தில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால், ஒரு தவளை! தோல் சுருங்கி, கால்கள் மடங்கி, மண்கட்டி போல இருந்தது. மூச்சே இல்லை.

'ஐயோ, இதுவும் செத்துவிட்டதே!' தவிட்டி அதைத் தூக்கித் தூர எறியப் போனது.

தவளை ஒரு கண்ணைத் திறந்தது.

"இடி இடித்ததா?" என்று கேட்டது.

"இ... இல்லை" என்றது தவிட்டி.

"பிறகு எதற்கு எழுப்புகிறாய்?"

"நீ சாகவில்லையா?"

"நான் ஏன் சாகவேண்டும்? கோடையில் தூங்குகிறேன். மழை வந்தால் எழுந்திருப்பேன். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான். ஓகோ! தினமும் என் தலையில் தண்ணீரைக் கொட்டுகிற புண்ணியவதி நீதானா? மழை வந்துவிட்டதென்று பாதிக் கண் திறப்பேன்; பார்த்தால் மழையில்லை. ஒரு மாதமாக நிம்மதியான தூக்கமில்லை!"

"கொடி செத்துவிடக் கூடாதே என்றுதான் ஊற்றினேன்" என்று விம்மியது தவிட்டி.

"கொடியும் என்னைப்போல உறங்குகிறது. உறங்குகிறவன் வாயில் யாராவது சோற்றைத் திணிப்பார்களா? இதோ என் பக்கத்தில்தான் கிழங்கு இருக்கிறது. நீ தண்ணீர் விட்ட பக்கம் நாற்றம் தாங்காமல்தான் நான் இந்தப் பக்கம் புரண்டு படுத்தேன். என்னை நம்பவேண்டாம். தொட்டுப் பார், முகர்ந்து பார்." தவளை கண்ணை மூடிக்கொண்டது.

தவிட்டி இன்னும் கொஞ்சம் மண்ணை விலக்கியது. உள்ளே தன் உடம்பை விடப் பெரிய கிழங்கு ஒன்று கிடந்தது. முள்ளப்பருக்கு நாக்கு ஊறியது இதற்குத்தான்! ஓடைப் பக்கமிருந்த மண் ஈரமாக இருந்தது. அங்கே கிழங்கில் கால் வைத்ததும் கொழகொழவென்று உள்ளே போனது. அழுகல் நாற்றம் அடித்தது. அடுத்து, பாறைப் பக்கம் தொட்டது. கல்லாக இருந்தது. நகத்தால் லேசாகக் கீறியது. வெள்ளை வெளேரென்ற சதையில் பால் கசிந்தது. முகர்ந்தால் மண்வாசனைதான் வந்தது.

உயிர் இருக்கிறது! அதைக் கொன்றுகொண்டிருந்ததும் தான்தான் என்று புரிந்தபோது தவிட்டிக்கு அழுகை வந்தது. ஆனால் அழ நேரமில்லை. கழுகின் நிழல் பாறையின் மறுபக்கம் வந்துவிட்டது.

அழுகிய பகுதியைப் பல்லால் கடித்துக் கடித்துத் துப்பியது. நல்ல சதை தெரிந்ததும் நிறுத்தி, வெட்டுவாயில் வெயில் பட விட்டது. நிழல் தலைக்குமேல் வந்தபோதெல்லாம் வளைக்குள் பாய்ந்தது. போனதும் திரும்பி வந்தது. வெட்டுவாய் உலர்ந்ததும் தவளையையும் கிழங்கையும் காய்ந்த மண்ணால் மூடியது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முள்ளப்பரின் முட்கள் உரசும் சத்தம் தூரத்தில் கேட்டது. கொடுத்த சொல்லை என்ன செய்வது?

தவிட்டி, தான் கடித்துத் துப்பிய அழுகல் துண்டுகளைப் பார்த்தது. சட்டென்று அவற்றை அள்ளிக் கொடியின் அடியைச் சுற்றிப் பரப்பி, மேலே கொஞ்சமாக மண்ணைத் தூவியது.

முள்ளப்பர் வெறுங்கையோடு வந்தார்.

"முட்செடி எங்கே மாமா?"

"நாளைக்கு வரும் அம்மா. முதலில் தோண்டுவோம்." ஆசையாகக் குனிந்து மூக்கை வைத்தவர், துள்ளிப் பின்னால் விழுந்தார். "சீ சீ! என்ன நாற்றம் இது!"

"நீங்கள் சொன்னது சரிதான் மாமா" என்றது தவிட்டி. அதன் மீசை படபடத்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை. "கொடி செத்து அழுகிவிட்டது. நீங்கள் தோண்டி எறிந்துவிட்டால் பெரிய உதவியாக இருக்கும்."

முள்ளப்பர் இன்னொரு முறை, எட்ட நின்று முகர்ந்தார். முகம் கோணிப்போனது.

"இல்லை... காலையிலிருந்து எனக்கு இடுப்பில் பிடிப்பு. குனியவே முடியவில்லை."

"அப்படியானால் நான் கொடுத்த சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்களா?"

"கொடுத்தேன், கொடுத்தேன்! நீயே வைத்துக்கொள்!" மூக்கைப் பொத்திக்கொண்டு முள்ளப்பர் ஓடினார். இடுப்புப் பிடிப்பு உள்ளவர் அத்தனை வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை.

தவிட்டி அழுகல் துண்டுகளைத் தூர எறிந்தது. காய்ந்த முட்சுள்ளிகளை இழுத்து வந்து வாசலில் அடைத்தது. அது அரைகுறை மறைப்புதான். குட்டிகள் பகலெல்லாம் இருட்டில் அடைந்து கிடந்து முனகின. கழுகு இரண்டு முறை சுள்ளிகளைக் காலால் கலைத்துப் பார்த்தது.

அந்த நாட்களில் தவிட்டிக்கு எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது சும்மா இருப்பதுதான். பழக்கத்தில் ஓடைக்குப் போய் வாய் நிறையத் தண்ணீர் மொள்ளும். பிறகு தவளை சொன்னது நினைவுக்கு வரும். தானே விழுங்கிவிட்டுத் திரும்பும்.

ஒரு நாள் மாலை, மேற்கே இடி இடித்தது. கோடை மழை கொட்டித் தீர்த்தது. காலையில் மண்ணைத் தள்ளிக்கொண்டு முதலில் வந்தது தவளை. தவிட்டியைப் பார்த்து, "இப்போது எழுப்பலாம்" என்று சொல்லிவிட்டு ஓடைக்குத் தாவியது. மூன்றாம் நாள், அதே இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு முளை தலை நீட்டியது. ஒரு மாதத்தில் பாறையெல்லாம் இலை.

அந்த வழியாக வந்த முள்ளப்பர் வாயைப் பிளந்தார். "தவிட்டி! செத்த கொடி எப்படி முளைத்தது?"

"தெரியவில்லையே மாமா! செத்துவிட்டது என்று சொன்னவர் நீங்கள்தானே?"

முள்ளப்பர் மண்ணைப் பார்த்தார். நாக்கு ஊறியது. ஆனால் சம்மதச் சொல் இப்போது அவரிடம் இல்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

கழுகு மேட்டுக்கு மேலே இரண்டு வட்டம் அடித்தது. இலைகளைத் தவிர அதற்கு எதுவும் தென்படவில்லை. இலைகளுக்குக் கீழே மூன்று குட்டிகளும் புல் தின்றுகொண்டிருந்தன.

நீதி: ஓய்ந்து கிடப்பதை இறந்துவிட்டதென்று பிறர் சொல்லக் கேட்டு முடிவு செய்யாதே, அருகில் போய், தொட்டு, முகர்ந்து, நீயே பார்.