அரசரின் மூக்கும் அமைச்சரின் எருக்குழியும்

மூக்கால் நாடாண்ட அரசன் ஒருவன் முன்னொரு காலத்தில் இருந்தான். செண்பக நாட்டின் குவலயமாறன் அவன். காலையில் சபை கூடியதும் கண்ணைப் பட்டுத்துணியால் கட்டிக்கொள்வான். அரண்மனைப் பரிமளக்காரர் அகிலேசர் வாசனைக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக நீட்டுவார்.

"சந்தனம். இது மருக்கொழுந்து, நேற்றுப் பறித்தது. இது தாழம்பூ, உள்மடல்."

தன் பிள்ளைகளின் பெயரைக்கூட அவன் மாற்றிச் சொல்லியிருக்கிறான். வாசனையை மாற்றிச் சொன்னதில்லை.

அந்த மூக்குக்கு ஒருநாள் சோதனை வந்தது. தேரில் ஊர்வலம் போனபோது, எல்லையில் யாரோ ஒரு குடியானவன் அன்றைக்குத்தான் கொட்டிய சாணக்குப்பை காற்றோடு வந்து மூக்கில் ஏறியது. அரசன் தேரைத் திருப்பிவிட்டான்.

அகிலேசருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அரசனின் வலப்பக்கத்து ஆசனத்தில் அமைச்சர் மங்கைபாகர் உட்கார்ந்திருப்பது அவர் கண்ணை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. மங்கைபாகரோ வீட்டுக் கொல்லையில் எருக்குழி வைத்துப் புடலங்காய் வளர்க்கிறவர்.

"அரசே, நாட்டிலுள்ள எருக்குழிகளை எல்லாம் மூடச் சொல்லுங்கள். பயிருக்குப் பன்னீர் போதுமே! அரண்மனை மல்லிகைப் பந்தலுக்கு நான் பன்னீரும் பாலும்தான் விடுகிறேன்."

"மல்லிகை எப்படி இருக்கிறது?" என்றார் மங்கைபாகர்.

"கொஞ்சம் வாட்டம். வெயில்."

"எறும்பு?"

"அதுவும் கொஞ்சம்."

அரசன் சிரிக்கவில்லை. "நாறுகிற எதுவும் என் நாட்டில் இருக்கக் கூடாது. நாற்றமா மணமா என்பதற்கு என் மூக்கே தீர்ப்பு. பறை அறையுங்கள்."

"விதைப்பு நெருங்குகிறது, அரசே. குழியை மூடினால் நிலம் எதைச் சாப்பிடும்?"

"உமக்கு அவ்வளவு பாசமென்றால் அமாவாசைவரை தவணை. அதற்குள் என் மூக்கைச் சம்மதிக்க வையும். இல்லாவிட்டால் முதல் குழியை நீரே மூடிவிட்டு, எருக்கூடையோடு ஊரைவிட்டுப் போம்."

மங்கைபாகர் வீடு திரும்பியபோது மனைவி பெருந்தேவி கொல்லையில் எருவைக் கிளறிக்கொண்டிருந்தாள். செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

"ஊரைவிட்டே போகச் சொல்லிட்டாராமே?"

"அமாவாசைவரை இருக்கலாம்."

"போறதா இருந்தா இந்தக் குழியையும் தூக்கிக்கிட்டுத்தான் வருவேன்." ஒரு பிடி அள்ளி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாருங்க. அரைகுறையா மக்கினதுதான் நாறும். இது வெந்து அடங்கி மண்ணாவே ஆயிடுச்சு."

மங்கைபாகர் முகர்ந்தார். இன்னொருமுறை முகர்ந்தார். பிறகு தோளிலிருந்த அங்கவஸ்திரத்தை எடுத்து விரித்து, அந்த எருவை அதில் அள்ளிப் போட்டார்.

"ஐயோ, அது சபைக்குப் போட்டுப் போறதாச்சே!"

"சபைக்குத்தான் போகிறது."

மூட்டையைப் பானைத் தண்ணீரில் ஊறப்போட்டார். அவ்வப்போது கலக்கிவிட்டு, கடைசியில் வடிகட்டினார். கஷாய நிறத்தில் கரைசல் இறங்கியது. அவர் வீட்டுப் புடலைக்கு வேரில் ஊற்றுவதும் இதே கரைசல்தான்.

மறுநாள் சபையில், அகிலேசர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்த நேரம் பார்த்து, வரிசையின் கடைசியில் ஒரு வெள்ளிக் கிண்ணம் கூடுதலாக வந்து உட்கார்ந்தது.

அரசன் கண்ணைக் கட்டிக்கொண்டான். சந்தனம் போயிற்று, புனுகு போயிற்று. கடைசிக் கிண்ணத்தில் மூக்கு நின்றுவிட்டது.

"முதல் மழை," என்றான் மெல்ல. "கோடை முழுக்கக் காய்ந்த மண்ணில் விழுகிற தூறல். இதைக் கிண்ணத்தில் பிடித்தது யார்?"

அகிலேசர் கிண்ணத்தைப் பார்த்தார். இன்னதென்று தெரியவில்லை. தன் ஆட்களில் எவனோ செய்திருப்பான் என்று நினைத்தார். பாராட்டு பக்கத்தில் வந்து நிற்கிறது. விட மனம் வரவில்லை.

"அடியேன்தான்."

"எப்படிச் செய்தீர்?"

"அது... வெட்டிவேர், குங்குமப்பூ, பௌர்ணமிப் பனியில் வைத்து..."

"குங்குமப்பூவா? என் மூக்குக்குத் தெரியவில்லையே. இன்னொரு கிண்ணம் செய்யும். இங்கேயே, இப்போதே." அரசன் கண்கட்டை அவிழ்த்தான்.

மங்கைபாகர் எழுந்தார். "பரிமளக்காரர் அலைய வேண்டாம். சரக்கு வாசலில் தயாராக இருக்கிறது."

கூடை வந்தது. மங்கைபாகர் எடுத்துக் காட்டினார். "உதிர்ந்த இலை. வைக்கோல். மடைப்பள்ளிக் காய்த்தோல். இது பட்டத்து யானை தந்தது."

"யானை என்ன தந்தது?"

"தினமும் தருவதைத்தான், அரசே."

சபையில் யாரோ சிரிப்பை அடக்கப்போய், அது செருமலாக வெளிவந்தது. அரசன் முகம் சிவந்தது. "என் மூக்கையே ஏமாற்றினீரா?"

மங்கைபாகர் கூடையைப் பார்த்தார். ஊரைவிட்டுப் போகும் பயணத்துக்கும் அது உதவும் என்று தோன்றியது.

"அதை யாரால் ஏமாற்ற முடியும்? இவையெல்லாம் குழியில் கிடந்து, முழுக்க மக்கி, மண்ணாகிவிட்டன. அதைத்தான் என் அங்கவஸ்திரத்தில் கட்டித் தண்ணீரில் ஊறவைத்து வடித்தேன். தங்கள் மூக்கு மண்ணை மண் என்று சரியாகவே சொன்னது. அன்று தேர்வழியில் நாறியது மக்காத குப்பை. அதை வைக்கோலும் மண்ணும் போட்டு மூடச் சொல்லுங்கள். ஆனால் எருவுக்கு மணமென்று தீர்ப்பு வந்துவிட்டது. தங்கள் மூக்கே தீர்ப்பு என்று பறையும் அறைந்தாயிற்று."

அரசன் யோசித்தான். ஒன்று, மூக்கு தப்பு; இல்லையென்றால் ஆணை தப்பு. இரண்டில் ஆணையை விடுவது சுலபமாக இருந்தது. வயிறு குலுங்கச் சிரித்துவிட்டான்.

குழிகள் தப்பின. கறைபட்ட அங்கவஸ்திரத்துக்கு ஈடாக அரசன் தன் பட்டுச் சால்வையைக் கழற்றி மங்கைபாகருக்குப் போர்த்தினான். பிறகு அகிலேசர் பக்கம் திரும்பினான்.

"செய்யாததைச் செய்ததாகச் சொன்னீர். சொன்ன சொல்லைக் காப்பாற்றும். அரண்மனை எருக்குழி இனி உம் பொறுப்பு. அந்தக் கிண்ணத்தை நீரே செய்து கொண்டுவரும்வரை உமக்கு இங்கே வேலையில்லை."

மல்லிகைக்குப் பன்னீரும் பாலும் நின்றன. வேரில் எருவும் கரைசலும் போயின. எறும்பு போய்த் தளிர் வந்தது. தளிருக்குப் பின்னால் அரும்பு வந்தது.

மழைக்காலம் கழிந்த ஒரு காலை. அரசன் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிண்ணம் எதுவும் இன்னும் நீட்டப்படவில்லை. மூக்கு வாசல் பக்கம் திரும்பியது.

"முதல் மழை. இதைச் செய்தது யார்?"

முழங்கைவரை மண்ணோடு, தலைப்பாகை இல்லாமல், கையில் கிண்ணத்துடன் அகிலேசர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"அடியேன்தான்," என்றார்.

இந்தமுறை அது உண்மை.